பிக்கப்பில் பிக்கப் இல்லை

அன்று நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. திருநகர் போகிற வழியில் உள்ள ரயில்வே மேம்பாலத்தில், ஏற்றத்தின் பாதியில், பால்பாண்டி மாமாவின் பிக்கப் வண்டி திணறி நின்றது.

2. வண்டியின் பின்புறம் சீர்ச் சாமான்கள் இருந்தன: பீரோ, கட்டில், குத்துவிளக்கு, வாழைத்தார். அவற்றின் இடுக்குகளில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

3. சொந்தக்காரர்கள் இறங்கினார்கள். வாழைத்தார் தானாகவே இறங்கியது.

4. பட்டுச்சேலை கட்டியவர்கள் உட்பட எல்லோரும் தள்ளினோம்.

5. எங்களை எதிர்கொண்டு அழைக்க வந்த ராஜாங்கம் பெரியப்பா தன் வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியே தலையை நீட்டி, ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

6. அதன் பிறகு மாமா ரொம்ப நாள் திருநகர்ப் பக்கமே போகவில்லை.

அந்த வாக்கியம் இது: “என்ன மச்சான், பேருதான் பிக்கப்பா? வண்டில பிக்கப்பே இல்லையே!”

சுற்றி நின்று தள்ளிக்கொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். சிரித்ததில் பிடி தளர்ந்து, வண்டி ஒரு முழம் பின்னால் வந்தது.

யார் யாருக்கு என்ன உறவு

பால்பாண்டி மாமா என் அம்மாவின் தம்பி. அலங்காநல்லூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். தோப்புத் தோப்பாகத் தேங்காய் எடுத்து மதுரைக்கு ஏற்றிப் போவது தொழில். தேங்காய் இல்லாத நாளில் வைக்கோல். தை மாதத்தில் மட்டும் காளை.

திருநகரில் இருப்பது அவருடைய கடைசித் தங்கை, எனக்குச் சித்தி. சித்தப்பாவின் அண்ணன்தான் ராஜாங்கம் பெரியப்பா. அன்று சித்தியின் புது வீட்டுக்குப் பால் காய்ச்சும் நாள். பொறந்த வீட்டுச் சீர் தள்ளுவண்டியாக வந்து சேர்ந்தது.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் பிக்கப் என்பது வண்டியின் ரகம் மட்டுமல்ல, குணமும்கூட. மிதித்தால் சட்டென்று எழும்பி இழுக்கிற திறனுக்கும் அதே பெயர்தான். வண்டியோடு நிற்பதும் இல்லை. கணக்குப் பாடத்தில் தேறாத பையனுக்குப் பிக்கப் இல்லை. பாட்டுக் கச்சேரி சூடு பிடிக்காவிட்டால் கச்சேரியில் பிக்கப் இல்லை. கல்யாணமான புதிதில் வாய் திறக்காத மாப்பிள்ளையைப் பற்றிக்கூட அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஆகவே பாலத்தில் ராஜாங்கம் பெரியப்பா பேசியது வண்டியைப் பற்றித்தான் என்று நீங்கள் நினைக்கலாம். மாமா அப்படி நினைக்கவில்லை.

தொலைபேசி வந்த காலை

சித்தியின் மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. மாமா போயே ஆக வேண்டும். அதே பாலம், அதே வண்டி, போன தடவையைவிட அதிகச் சீர்.

சென்னையில் காலை டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னை அழைத்தார்.

“ஆத்தா, வண்டிக்குப் பவர் ஏத்தணும். நீ அந்த வேலதான பாக்குற?”

“வாடகைக்கு ஒரு லாரி பிடிச்சுப் போகலாமே மாமா?”

“வாடகை வண்டில சீர் கொண்டு போனா, தாய்மாமனையும் வாடகைக்குப் புடிச்சியாடான்னு கேப்பாரு அந்த மனுசன்.”

இட்லி ஆறிப்போனது.

நான் டீசல் எஞ்சின் ஆய்வுக்கூடத்தில் பொறியாளர். இந்தத் தொடரில் முன்பே சொல்லியிருக்கிறேன்; புதிதாக வருகிறவர்களுக்காக மறுபடியும். எந்த வேகத்தில், எந்தப் பாரத்தில், எந்த நொடியில் எவ்வளவு டீசலைத் தெளிக்க வேண்டும் என்று வண்டிக்குள் இருக்கும் கணினிக்குக் கற்றுக்கொடுப்பது என் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் பேச்சி அத்தைக்கு, அதாவது மாமாவின் மனைவிக்கு, விளக்கிப் பார்த்தேன்.

“வண்டிக்கு எம்புட்டு டீசல் ஊத்தணும்னு சொல்ற வேலையா?” என்றார்.

“ஆமா அத்தை.”

“அதுக்கா நாலு வருசம் படிச்ச? பங்க்குல நிக்கிற பொண்ணு கேட்டுட்டு ஊத்துதுல்ல?”

அன்றிலிருந்து குடும்பத்தில் நான் ‘பங்க்கு வேலை பாக்குற பிள்ளை’. அம்மா மறுத்துப் பார்த்தாள். மறுக்க மறுக்கப் பேர் கெட்டிப்பட்டது.

பச்சை விளக்குப் பெட்டி

லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். மதுரை கோச்சடையில் எங்கள் வீட்டில் பையை வைத்துவிட்டு, பஸ் பிடித்து மாமா ஊருக்குப் போனபோது, வண்டி வேப்பமரத்து நிழலில் நின்றது. ஸ்டியரிங்குக்குக் கீழே புதிதாக ஒரு சின்னப் பெட்டி செருகியிருந்தது. அதில் பச்சை விளக்கு ஒன்று கண் சிமிட்டியது.

“இது என்ன மாமா?”

“பவர் பொட்டி. டவுன்ல வாங்குனேன். செருகுனா வண்டி தன்னால கத்துக்குமாம்.”

“கத்துக்கிச்சா?”

“பறக்குதுத்தா!”

பின்னால் நின்ற அத்தை, “ஆமா, பறக்குது. பொட்டிய மாட்டுன அன்னைலேர்ந்து இவருதான் ஆக்சிலேட்டரப் போட்டு அந்த மிதி மிதிக்கிறாரு. கட்டை வண்டிகூடப் பறக்கும்,” என்றார்.

பெட்டியைக் கழற்றித் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு விளக்கு, அதைச் சிமிட்ட வைக்க ஒரு சில்லு, பெரும்பாலும் காற்று. வண்டியின் கணினியோடு அது ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. மாமாவிடம் காட்டினேன்.

வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். “எரியுதுல்ல?” என்றார்.

“எரியுது.”

“அப்பச் செருகு. இருந்துட்டுப் போகுது.”

செருகினேன். ஒன்றும் செய்யாத பாகத்தால் கெடுதலும் இல்லை. சந்தையில் நிஜமாகவே வேலை செய்கிற பெட்டிகளும் உண்டு. அவை கணினியை ஏமாற்றி டீசலைக் கூட்டிவிடுபவை. அவைதான் ஆபத்து. கூடுதல் டீசல் எல்லாமே இழுவையாக மாறாது. பெரும் பங்கு சூடாகத்தான் மாறும். அந்தச் சூடு முதலில், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவுக்குப் போகும், பிறகு பிஸ்டனுக்கு. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அப்படி உருகி ஓட்டை விழுந்த பிஸ்டன் ஒன்று மேசைமேல் இருக்கிறது. அந்த ஓட்டையில் பேனா செருகி வைக்கிறோம்.

மாமாவுக்கு இருப்பது ஒரே வண்டி. பாலத்தில் ஒரு நாள் ஜெயித்துவிட்டு, மறுநாள் எஞ்சின் பிரிந்து பட்டறையில் கிடந்தால் தேங்காய் தோப்பிலேயே முளைத்துவிடும். அதனால் என் திட்டம் எளிமையானது. புதிதாகப் பவர் ஏற்றுவதற்கு முன், இருந்த பவர் எங்கே போனது என்று தேடுவது.

காணாமல் போன பவர் இருந்த இடங்கள்

முதல் இடம், காற்று வடிகட்டி. திறந்தபோது உள்ளே ஒரு சின்ன வைக்கோல் போரே இருந்தது. மாமா எட்டிப் பார்த்து, “நம்ம ஊரு வைக்கோல்தான். கலரப் பாரு,” என்றார் பெருமையாக.

இரண்டாவது, டர்போவிலிருந்து போகும் ரப்பர்க் குழாய். அடிப்பக்கம் விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. எஞ்சினுக்குப் போக வேண்டிய அழுத்தக் காற்றில் பாதி, சாலைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏற்றத்தில் கேட்கும் அந்த ‘உஸ்’ சத்தத்தை, வண்டி கோபத்தில் சீறுவதாக மாமா இத்தனை நாள் நினைத்திருந்தார்.

மூன்றாவது, டீசல் வடிகட்டி. அதைப் பற்றி எழுதினால் சாப்பிட்டுக்கொண்டே வாசிப்பவர்களுக்குச் சங்கடம்.

கடைசியாக, பின்சக்கர பிரேக். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். சுற்றவில்லை. பிரேக் முழுதாக விடுபடாமல் எப்போதும் கொஞ்சம் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

“அப்ப இத்தன நாளா பிரேக்கப் புடிச்சுக்கிட்டேவா ஓட்டியிருக்கேன்?”

“ஆமா மாமா.”

“அப்படியும் ஓடுச்சே வண்டி! எஞ்சின் எம்புட்டு ஸ்ட்ராங்கு பாரு!”

என்ன சொன்னாலும் அதில் வண்டிக்கு ஒரு பெருமை கண்டுபிடித்துவிடுவார். அது ஒரு திறமை.

அலங்காநல்லூர்ப் பட்டறையில் சேகர் அண்ணன் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார். டயரில் சரியான காற்று, புது ஆயில், கூலன்ட் எல்லாம் முடிந்தது. தேங்காய்ப் பாரம் ஏற்றி, ஊருக்கு வெளியே கால்வாய்ப் பாலத்து ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தோம். முன்பு முதல் கியரில் முனகியபடி ஏறிய இடத்தை மூன்றாவது கியரில் தாண்டியது.

உச்சியில் மாமா வண்டியை நிறுத்தினார். சந்தோஷப்படுவார் என்று காத்திருந்தேன். இறங்கிப் பின்னால் போய்ப் புகைக்குழாயைக் குனிந்து பார்த்தார். திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது.

“புகையே காணோமேத்தா.”

“அது நல்லதுதான் மாமா. டீசல் முழுசா எரியுது.”

“கருகருன்னு புகை விட்டாத்தான வண்டி முக்கி இழுக்குதுன்னு அர்த்தம்? என்ன சேகரு?”

சேகர் அண்ணன் தர்மசங்கடமாக என்னைப் பார்த்தார். “பாப்பா படிச்சிருக்கு. ஆனா அண்ணே, லேசா ஒரு புகை இருந்தா மனசுக்கு ஒரு இதுதான்,” என்றார்.

எரியாத டீசல்தான் கரும்புகை என்பதை நான் சாலையோரத்தில் மண்ணில் படம் போட்டு விளக்கினேன். இருவரும் துக்க வீட்டில் நிற்பதுபோல் கைகட்டிக் கேட்டார்கள்.

பாலம்

காதுகுத்து சித்திரை மாதத்தில். வெயில் காலையிலேயே தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்தது. முன் இருக்கையில் மாமா, நடுவில் அத்தை, ஓரத்தில் நான். பின்னால் அண்டா, குடம், தட்டுத் தட்டாகப் பழம், இளநீர்க் குலைகள், இரண்டு கிடாய்கள், அவற்றைப் பிடித்துக்கொள்ள மாமாவின் சேக்காளிகள்.

பாலம் தெரிந்தது. அத்தை தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாமா மூன்றாவது கியர் போட்டார்.

ஏறியது. திணறவில்லை, முனகவில்லை. ஒரு மினி பஸ்ஸைக்கூட முந்தினோம். உச்சியில் மாமா ஹாரன் அடித்தபோது யாருமே குறுக்கே வரவில்லை. அது முழுக்க முழுக்க மகிழ்ச்சிக்காக அடித்தது. இறக்கத்தில் என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை தலையை ஆட்டினார். எனக்கு வேலையில் கிடைத்த எந்தப் பாராட்டுக் கடிதமும் அந்தத் தலையாட்டலுக்கு ஈடில்லை.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

ஃபிளெக்ஸ்

காதுகுத்து நடக்கும் மண்டபத்துக்குக் கொஞ்ச தூரம் முன்பே, ஒரு தெருமுக்கில் மாமா வண்டியை நிறுத்தினார். அங்கிருந்துதான் சீர் ஊர்வலம். தப்பும் உருமியும் தயாராக நின்றன. மாமாவின் சேக்காளிகள் குதித்து இறங்கி, சுருட்டி வைத்திருந்த ஒரு ஃபிளெக்ஸ் பேனரை விரித்து, வண்டியின் முன்பக்கத்தில் இழுத்துக் கட்டினார்கள்.

மதுரையில் ஃபிளெக்ஸ் இல்லாமல் பூனைகூடக் குட்டி போடாது. அதனால் நான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். நடுவில் மாமாவின் முகம், கூலிங் கிளாஸ் போட்டு, ஒரு அண்டா வாயளவு. மேலே ‘தாய்மாமன் வருகிறார், தள்ளி நில்லுங்கள்’. முகத்தைச் சுற்றி வரிசை வரிசையாகச் சொந்தக்காரர்களின் சிறிய படங்கள். யார் எந்த வரிசை என்பதில் ஒரு வாரம் சண்டை நடந்து, ஒருவர் போனை வைத்துவிட்டு, மறுபடி எடுத்து, எல்லாம் சமாதானமாகி அச்சுக்குப் போன பேனர் அது.

ஊர்வலம் நகர்ந்தது. நகர்ந்தது என்பதும் மரியாதைக்குச் சொல்வதுதான். தப்படிக்கிறவர்கள் ஓரடி வைத்தால் ஆடுகிறவர்கள் அரையடி பின்னால் வந்தார்கள். இத்தனை பாடுபட்டு மீட்ட பவரோடு, எங்கள் வண்டி நடைவேகத்துக்கும் கீழே, முதல் கியரில், கிளட்சை மிதித்து மிதித்து ஊர்ந்தது.

வேட்டுச் சத்தத்துக்கு நடுவே எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்தேன். நடுவில் நிற்க வேண்டியது மேலே ஏறிக்கொண்டிருந்தது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது. மாமா மிதித்தார், வண்டி அசையத் தயங்கியது.

எனக்கு உடனே புரிந்தது. சூடு எல்லை மீறும்போது கணினி தானே பவரைக் குறைத்துவிடும். எஞ்சினைக் காப்பாற்ற அப்படிக் குறைக்கச் சொல்லி எழுதுவது என்னைப் போன்றவர்கள்தான். சூடு ஏன் ஏறுகிறது என்பதும் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது, மறுபக்கமாக. வெயில் எதிரேயிருந்து ஃபிளெக்ஸில் அடித்து, கூலிங் கிளாஸ் போட்ட மாமாவின் முகம் முன்கண்ணாடியின் கீழ் விளிம்பில் நிழலாகத் தெரிந்தது. அதற்கு நேர் பின்னால், எஞ்சினை ஆற வைக்கும் ரேடியேட்டர். காற்று போக ஒரு விரல் இடமில்லை.

முதல் வைத்தியமாக ஹீட்டரை முழுதாகத் திருப்பினேன். எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை வண்டிக்குள் இறக்கிவிடலாம். தீக்காற்று நேராக அத்தையின் பட்டுச்சேலைமேல் அடித்தது.

“ஏண்டி! என்னாடி இது?”

“ஹீட்டர் அத்தை.”

“சித்திரை மாசத்துல, மதுரைல, ஹீட்டரா? அடியே, நீ என்னய வேக வைக்கவா படிச்சுட்டு வந்த?”

“கொஞ்சம் பொறுங்க அத்தை, எஞ்சினுக்காக.”

“எஞ்சினுக்கு நான் என்ன ரேடியேட்டரா?”

அந்த நேரத்தில் ஏறக்குறைய அவர்தான் ரேடியேட்டர். நான் சொல்லவில்லை. போதவும் இல்லை.

மாமாவிடம் இருந்த வழிகளைச் சொன்னேன்.

ஒன்று, வண்டியை நிறுத்தி ஆற விடலாம். மண்டப வாசலில் கைகட்டி நிற்கும் ராஜாங்கம் பெரியப்பாவின் கண்ணுக்கு முன்னால், இரண்டாவது தடவையாக.

இரண்டு, ஃபிளெக்ஸை அவிழ்க்கலாம். அந்த வரிசைகளில் இருக்கும் அத்தனை சொந்தமும் அதற்குப் பக்கத்திலேயேதான் ஆடிக்கொண்டிருந்தது. தன் படம் அவிழ்வதைப் பார்த்தால் பாதிப் பேர் பந்தியில் உட்கார மாட்டார்கள்.

மூன்று, அப்படியே ஓட்டலாம். எஞ்சினின் மேல்மூடியான ஹெட் வளைந்துவிடும். தொழில் போய்விடும்.

மாமா கேட்டார், “மூனாவது நெசமா?”

“நெசம் மாமா.”

மாமா எஞ்சினை ஓட விட்டபடியே கை பிரேக்கைப் போட்டு இறங்கினார். இளநீர் வெட்டும் அரிவாளைப் பின்னாலிருந்து எடுத்தார். அரிவாளோடு தாய்மாமன் வருவதைப் பார்த்ததும் தப்பு நின்றது. ஆட்டம் நின்றது. ஒரு கிடாய் மட்டும் கத்தியது.

வண்டியின் முன்னால் போய் நின்று, தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாடையில் அரிவாள் நுனியைச் செருகி, காது, நெற்றி, மறு காது என்று சுற்றி அறுத்து, தன் முகத்தை மட்டும் தனியாகப் பெயர்த்து எடுத்தார். ஒரு சொந்தக்காரரின் படத்திலும் கீறல் படவில்லை. ‘தாய்மாமன் வருகிறார்’ என்ற எழுத்துக்குக் கீழே, அவர் முகம் இருந்த இடத்தில், வண்டியின் கிரில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

ராஜாங்கம் பெரியப்பா வாசலிலிருந்து வேகமாக வந்தார்.

“என்ன மச்சான், ஒன் மூஞ்சிய நீயே அறுத்துட்ட?”

“நானே நேர்ல வாரேன்ல மச்சான், படம் எதுக்கு?” என்றார் மாமா.

பெரியப்பா ஃபிளெக்ஸை ஏற இறங்கப் பார்த்தார். எதையோ தேடினார். கீழ் மூலையில் கண்டுபிடித்தார்.

“அது கெடக்கட்டும். என்னய எதுக்குய்யா டயரு பக்கத்துல போட்ருக்க?”

“நடுவுல எடம் காலியாத்தான இருக்கு. வந்து நில்லுங்க மச்சான்!”

பெரியப்பா சிரித்தார், வயிறு குலுங்க. அதற்காகவே காத்திருந்ததுபோல் தப்பு மறுபடி முழங்கியது. அறுத்ததில் கட்டுத் தளர்ந்து காற்றில் படபடத்த ஃபிளெக்ஸின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார், மறு முனையை மாமா பிடித்துக்கொண்டார். இருவரும் வண்டியின் முன்பக்கத்தை ஒட்டி நடந்தார்கள். நான் இறங்கிச் சுற்றிப் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். ஓட்டை வழியாகக் காற்று புகப் புக, சூட்டு முள் மெல்லக் கீழே வந்தது.

சித்தியின் மகள் மாமா மடியில் உட்கார்ந்து, காது குத்தும்போது அவருடைய சட்டைப் பையைப் பிய்த்தாள். எல்லாம் முறைப்படி நடந்தது.

இப்போதைய நிலவரம்

வண்டி தினமும் தேங்காய் ஏற்றிப் போகிறது. எஞ்சின் ஹெட்டில் பழுது இல்லை, சேகர் அண்ணன் பார்த்துவிட்டார். வெட்டிய முகம் மாமா வீட்டுக் கோழிக்கூட்டின் கூரையாக இருக்கிறது, ஒழுகவில்லை. மாமாவும் ராஜாங்கம் பெரியப்பாவும் வாரம் ஒரு முறை போனில் பேசுகிறார்கள். பேச்சி அத்தை இன்னும் என்னோடு பேசவில்லை.

அந்த எஞ்சினில் கம்பெனி கொடுத்த பவர் முழுதாக இருக்கிறது. அதற்கு மேல் ஒரு துளியும் நான் ஏற்றவில்லை. ஏற்றியதாகத்தான் மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மறுப்பதற்கு நான் ஊரில் இல்லை.